இனயத்தில் கரண்டு போகாத மதியம்

கருங்கல் சந்தைக்குப் பக்கத்தில், ஒரு பேக்கரியின் மாடியில் உட்கார்ந்து வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு டேட்டாபேஸ் செய்துகொண்டிருந்தோம் என்று சொன்னால் இன்றைக்கும் யாரும் நம்புவதில்லை. எங்கள் வீட்டுக்காரரே நம்பியதில்லை. கல்யாண வீடுகளில் என்னை அறிமுகப்படுத்தும்போது, "கருங்கல்ல கம்ப்யூட்டர் சென்டர் நடத்துகா" என்பார். டைப்ரைட்டிங் கிளாஸ் நடத்துகிறவளைப் பார்ப்பதுபோல் எல்லாரும் என்னைப் பார்ப்பார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு பாயசத்தைக் குடிப்பேன்.

பெங்களூரில் பல வருஷம் குப்பை கொட்டிவிட்டு, இரண்டாவது பிள்ளை பிறந்ததும் "இனி அந்தப் பக்கம் வரமாட்டேன், சாம்பாரில் வெல்லம் போடும் ஊரில் மனுஷி இருப்பாளா" என்று முதலாளியிடம் சண்டை போட்டேன். அவர் என்ன நினைத்தாரோ, "சரி, உங்க ஊரிலேயே ஐந்து பேரைப் பிடித்து ஒரு டீம் வைத்துக்கொள்" என்றார். பிடித்தேன். ஐந்து பேரும் சுற்றுவட்டாரப் பிள்ளைகள். மூளைக்குக் குறைவில்லை. ஆனால் வேலைக்கு வரும் நாள்தான் குறைவு. திங்கட்கிழமை ஒருத்தனுக்கு வீடு பால்காய்ப்பு, புதன்கிழமை இன்னொருத்திக்கு ஞானஸ்நானம், வெள்ளிக்கிழமை கல்யாணத்துக்கு முந்தின நாள் சாப்பாடு. யாருக்குக் கல்யாணம் என்று கேட்டால், "தெரியாதுக்கா, அப்பாக்க கூட்டுக்காரருக்க மச்சினனுக்கு" என்பான். தெரியாதவன் கல்யாணத்துக்கு எதுக்குடா லீவு என்று கத்துவேன். "நாம போகல்லேன்னா நாளைக்கு நம்ம கல்யாணத்துக்கு அவன் வருவானா அக்கா?" என்பான். இதற்கு மேலாண்மைப் படிப்பில் பதில் இல்லை.

நாங்கள் செய்த சரக்கு என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். பயப்பட வேண்டாம், சுலபம்தான். ஒரே தகவலை மூன்று ஊர்களில் இருக்கும் மூன்று கம்ப்யூட்டர்களில் வைக்க வேண்டும். மூன்றில் ஒன்று தலைவன். எதை எழுதினாலும் தலைவன் வழியாகத்தான் எழுத வேண்டும். தலைவன் திடீரென்று படுத்துவிட்டால் மிச்சமிருக்கும் இரண்டும் ஓட்டுப் போட்டு, தங்களுக்குள் ஒன்றைத் தலைவனாக்கி, ஒன்றுமே நடக்காததுபோல் வேலையைத் தொடர வேண்டும். வங்கியில் பணம் போடுகிறவனுக்கும் எடுக்கிறவனுக்கும் தலைவன் மாறியது தெரியவே கூடாது.

சொல்ல சுலபம். எழுத எங்கள் உயிர் போயிற்று. இரண்டு கம்ப்யூட்டர்களும் ஒரே நேரத்தில் "எனக்குப் போடு, எனக்குப் போடு" என்று ஓட்டுக் கேட்டு, இரண்டும் தன் ஓட்டைத் தனக்கே போட்டுக்கொண்டு விறைத்து நிற்கும். அதைச் சரிசெய்தால், படுத்த பழைய தலைவன் எழுந்து வந்து, கல்ஃபிலிருந்து லீவில் வந்த சித்தப்பா மாதிரி எல்லாருக்கும் உத்தரவு போட ஆரம்பிப்பான். "உன் காலம் முடிஞ்சு போச்சு, சும்மா இரு" என்று அவனுக்குப் புரியவைக்கவே மாதங்கள் ஆயின.

இதைச் சோதிக்கத்தான் ஒரு யோசனை தோன்றியது. அந்த வருஷங்களில் நம் ஊரில் இருந்த மின்வெட்டை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். 2012 வாக்கில் கரண்டு வருவதுதான் செய்தி, போவது செய்தியே இல்லை. ஆனால் ஒரே நேரத்தில் எல்லா ஊரிலும் போகாது. கருங்கல்லில் காலையில் போனால், மண்டைக்காட்டில் அது வந்த பிறகு போகும், இனயத்தில் மதியம் போகும். ஊரே சபித்துக்கொண்டிருந்தபோது எனக்கு மட்டும் வாயெல்லாம் பல். பெங்களூர்க்காரர்கள் செயற்கையாகக் கம்ப்யூட்டரை அணைத்து அணைத்துச் சோதிக்கிறார்கள், நமக்கோ அரசாங்கமே இலவசமாக அணைத்துத் தருகிறது! ஒரு கம்ப்யூட்டரை ஆபீசில் வைத்தோம். ஒன்றை மண்டைக்காட்டில் என் வீட்டில் வைத்தேன். மூன்றாவதை இனயத்தில், எங்கள் டீமின் கெட்டிக்காரப் பெண் வீட்டில் வைத்தோம். பேட்டரி கீட்டரி எதுவும் வைக்கவில்லை. கரண்டு போனால் சாக வேண்டும், அதுதான் ஏற்பாடு.

அந்த இனயத்துப் பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஓட்டுப் போடும் பகுதி முழுக்க அவள் எழுதியது. என்னிடம் பேசவே யோசிப்பாள், ஆனால் அவள் எழுதிய நிரலில் கை வைத்தால் கடித்துவிடுவாள். அப்பாவும் அண்ணனும் கல்ஃபில் மீன்பிடிப் படகில் வேலை. வீட்டில் அம்மா மட்டும்தான். அம்மா கருங்கல் சந்தையில் மீன் விற்பார். காலையில் தாயும் மகளும் ஒரே பஸ்ஸில் வருவார்கள். அம்மா சந்தையில் இறங்குவார், மகள் எங்கள் மாடிக்கு ஏறுவாள். சாயங்காலம் எந்தப் பிரச்சினை எரிந்துகொண்டிருந்தாலும் பஸ் நேரத்துக்கு அவள் போய்விடுவாள். ஒருமுறை நிறுத்திப் பார்த்தேன். "அம்மை சோறு தின்னாம இருப்பாக்கா" என்றாள். அதற்குப் பிறகு நிறுத்தவில்லை.

கம்ப்யூட்டரை அவர்கள் வீட்டில் வைத்த முதல் வாரமே வினை தொடங்கியது. கரண்டு இருக்கும்போதே இனயம் அடிக்கடி செத்தது. தினமும் காலை ஏழு மணிக்குச் சாகும், கொஞ்ச நேரத்தில் பிழைக்கும். நாங்கள் ஐந்தாறு பேர் மண்டையை உடைத்துக்கொண்டு நிரலில் பிழை தேடினோம். கடைசியில் நானே நேரில் போய் நின்றேன். ஏழு மணிக்கு அம்மா வந்து, கம்ப்யூட்டரின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு மிக்சியைச் சொருகி, மீன்கறிக்குத் தேங்காய் அரைத்தார்.

எனக்கு வந்ததே கோபம்! வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "பாருங்கம்மா, இந்தப் பெட்டியில பச்சை லைட்டு எரியுதுல்லா? இத நீங்க அணைச்சிங்கன்னா உங்க மோளுக்கு வேலை போயிரும்!" என்றேன். அம்மா நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். கையில் பையும் மூக்கில் கண்ணாடியும் வைத்துக்கொண்டு இப்படிக் கத்துகிறவள் டீச்சராகத்தான் இருக்க வேண்டும் என்று அன்றைக்கே முடிவுசெய்துவிட்டார் போல. "செரி டீச்சரே, இனி தொடமாட்டேன்" என்றார். சொன்னபடியே தொடவில்லை. அம்மிக்கு மாறிவிட்டார். எனக்கும் அன்றைக்கு ஒரு துண்டு சூரைமீன் வறுவல் தந்துதான் அனுப்பினார். நானும் தின்றுவிட்டுத்தான் வந்தேன், வெட்கமென்ன.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது லண்டன்காரர் வந்து சேர்ந்தார். வந்தார் என்றால் திரையில் வந்தார். எங்கள் சரக்கை வாங்க இருந்த கம்பெனியின் ஆள். சிரிக்க மாட்டார். எது சொன்னாலும் "காட்டுங்கள்" என்பார். எங்கள் மூன்று ஊர் கதையைக் கேட்டதும் அவருக்கு முதல்முறையாகப் புருவம் உயர்ந்தது. "அப்படியென்றால் நீங்கள் கையால் அணைத்துக் காட்ட வேண்டாம். அதை யாரும் செய்யலாம். உண்மையான மின்வெட்டில் தலைவன் விழுவதையும், மற்ற இரண்டும் சமாளிப்பதையும் என் கண்முன்னால் காட்டுங்கள்" என்றார். "காட்டுகிறோம்" என்று உடனே சொல்லிவிட்டேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் கட்டுவது என்பது இதுதான்.

பெங்களூர் முதலாளி அன்று சாயங்காலமே போன் செய்தார். காட்டியது பிடித்தால் கருங்கல் டீம் இப்படியே இருக்கும். சொதப்பினால் மாடியைக் காலிசெய்துவிட்டு ஆறு பேரும் பெங்களூருக்கு வர வேண்டும். நான் எப்படியும் முட்டி மோதிக்கொள்வேன், பையன்களுக்குப் பெங்களூர் என்றால் பாதி கொண்டாட்டம். இனயத்துப் பெண் மட்டும் வெளுத்துப் போனாள். பிறகு தனியாக வந்து சொன்னாள். "எங்கம்மைட்ட கேட்டேன்கா. 'ரெண்டு பேர அனுப்பியாச்சு, மூணாமத்த ஆளு இங்க நிக்கட்டும்' எண்ணு சொல்லிச்சு. நான் வரமாட்டேன். வேலை போனா போவட்டும்." சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டு போய் உட்கார்ந்து மறுபடியும் தட்ட ஆரம்பித்தாள். அவளைப்போல் எழுத இன்னொருத்தியை நான் எங்கே போய்ப் பிடிப்பேன்?

அந்த நாளும் வந்தது. இனயத்தில் மதியம் இரண்டு மணிக்குக் கரண்டு போகும். லண்டனில் அப்போது காலை. இனயத்தைத் தலைவனாக்கி வைத்தோம். பெண் பச்சைச் சுடிதாரில், கையில் ஜெபமாலையைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடிபோல் தெளிவான ஆங்கிலத்தில் பேச ஆரம்பித்தாள். திரையில் மூன்று பச்சை விளக்குகள். இனயம், கருங்கல், மண்டைக்காடு. லண்டன்காரர் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். பேக்கரியிலிருந்து நேந்திரங்காய் சிப்ஸ் பொரிக்கும் வாசம் வந்துகொண்டிருந்தது.

இரண்டு மணி ஆயிற்று. மூன்று விளக்கும் பச்சை.

இரண்டு ஐந்து. பச்சை. இரண்டு பத்து. பச்சையோ பச்சை. இத்தனை மாதம் நிமிஷம் தவறாமல் பிடுங்கிய பாவிகள் இன்றைக்குப் பார்த்தா திருந்த வேண்டும்! லண்டன்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். "எங்கள் மின்சாரத் துறை மின்வெட்டில் நேரம் தவறவே தவறாது" என்று நான் ஆங்கிலத்தில் உறுதி கொடுத்தேன். என்ன பெருமையான வாக்குறுதி!

வெளியே வராந்தாவுக்கு ஓடி மின்சார ஆபீசுக்குப் போன் போட்டேன்.

"சார், இனயத்துல ஏன் இன்னும் கரண்டு போகல்ல?"

"என்னம்மா கேட்டிய?"

"இரண்டு மணிக்குப் போகணும்லா? ஏன் போகல்ல? மக்கள் காத்துட்டு இருக்கோம்!"

"எனக்க சர்வீசுல இப்பிடி ஒரு கம்ப்ளைண்ட இண்ணைக்குத்தாம்மா கேக்கேன்" என்றார் அவர். "இனயம் ரெண்டு மணிக்கே ஆப் பண்ணியாச்சு. வேணும்னா இன்னொருக்க ஆப் பண்ணட்டா?"

அப்படியென்றால் ஊரில் கரண்டு இல்லை. பெட்டி மட்டும் எரிகிறது. பெண்ணின் அம்மாவுக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை. டீமில் பைக் வைத்திருந்த பையனை, எப்போதும் வாயில் சிப்ஸ் அரைபட்டுக்கொண்டே இருக்கும் அவனை, பிடித்துத் தள்ளினேன். "ஏலே, இனயத்துக்கு விடு. அங்க என்ன எளவு நடக்குன்னு பாரு. பெட்டிய அணைச்சிட்டு போன் பண்ணு." அவன் பாக்கெட்டையும் எடுத்துக்கொண்டு ஓடினான்.

உள்ளே வந்து நான் லண்டன்காரருக்கு நம் மாவட்டத்தைப் பற்றி விளக்கம் கொடுத்தேன். கடல், மலை, தென்னை, ரப்பர், வாழைக்குலை என்று எல்லாவற்றையும் சொன்னேன். மனுஷர் கொட்டாவி விட்டார். "ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்" என்று என் அம்மா சொல்வது காதில் கேட்டது. இனயத்துப் பெண் மட்டும் நிமிர்ந்து நின்று பேசிக்கொண்டே இருந்தாள். ஜெபமாலை மணிகள் மட்டும் அவள் விரலில் ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்துகொண்டிருந்தன.

கடைசியில் பையனின் போன் வந்தது. பின்னால் டிராக்டர் ஓடுவதுபோல் சத்தம்.

"அக்கா, இங்க மைக்செட்காரருக்க ஜெனரேட்டர் ஓடுகு! கோயில் திருவிழாவுக்கு வைக்கதுல்லா, அது! வீடு நிறைய ஆளு. பெட்டிய சுத்தி பெண்ணுங்க இருக்கு. பக்கத்துல போக விடமாட்டேங்காவ."

"நீ பிளக்கப் பிடுங்குலே!"

"எப்பிடிக்கா? கம்பெனியில இருந்து வந்திருக்குண்ணு சொல்லி எனக்கு சோறு வெளம்பிட்டாவ. நெய்மீன்கா."

அட சண்டாளா! கொல்ல அனுப்பியவன் பந்தியில் உட்கார்ந்துவிட்டான். "போன அம்மாட்ட குடு" என்றேன்.

அம்மா வந்தார். குரலில் அப்படி ஒரு பெருமை. "டீச்சரே, நீங்க ஒண்ணும் பேடிக்காண்டாம். பெட்டி எரியுது. காலையில மோளு சொல்லிச்சு, ரெண்டு மணிக்குக் கரண்டு போவும், வெளிநாட்டுல இருந்து ஆளு நம்ம பெட்டிய பாக்கும்ணு. விருந்தாளு பாக்க நேரத்துல வீட்டுல வெளக்கு இல்லாம இருந்தா ஊருக்கு மானம் போவாதா? நான் சந்தைக்குப் போவாம மைக்செட்காரனுட்ட சொன்னேன், ஓடிவந்து காலையிலேயே பெட்டிய அவன் ஜெனரேட்டர்ல மாட்டிட்டான். டீசலுக்கு படகுகாரனுவ குடுத்தானுவ. நாலு மணி வரைக்கும் ஓடும்."

மற்ற நாட்களில் கரண்டு போனால் அது அரசாங்கத்தின் தப்பு, யார் என்ன செய்ய முடியும். ஆனால் இன்றைக்கு விருந்தாளி பார்க்கிறார் அல்லவா! எனக்குத் தலையை எதிலாவது முட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

"அம்மா, அத இப்பவே அணையுங்க. அணைச்சாத்தான் உங்க மோளுக்கு வேலை நிலைக்கும்!"

"என்னது?"

"அணைச்சாத்தான் வேலை நிலைக்கும்!"

அம்மா நிதானமாகச் சொன்னார். "டீச்சரே, அண்ணைக்கு வந்து அணைச்சா வேலை போவும்ணு சொன்னிய. இண்ணைக்கு அணைச்சாத்தான் நிலைக்கும்ணு சொல்லுதிய. படிச்சவிய ஒரு வாயில ஒரு பேச்சு பேசணும். நான் அணைக்க மாட்டேன். எனக்க மோளு சொல்லட்டு."

என்ன சொல்லியும் நடக்கவில்லை. கெஞ்சினேன், கோபப்பட்டேன், டீச்சர் குரலில் மிரட்டியும் பார்த்தேன். அம்மா அசையவில்லை. வேறு வழியில்லாமல் போனை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். லண்டன்காரர் பார்த்துக்கொண்டிருக்க, ஸ்பீக்கரைப் போட்டு அவள் முன்னால் நீட்டினேன். "உங்கம்மை. ஜெனரேட்டர் போட்டு பெட்டிய எரிய வச்சிருக்கு. நீ சொன்னாத்தான் அணைக்குமாம்" என்றேன்.

அதுவரை ராணிபோல் பேசிக்கொண்டிருந்தவள் ஒரு நொடி கண்ணை மூடினாள். பிறகு இனயத்துத் தமிழில் பேசினாள்.

"அம்மா, அணைச்சிரு."

"மோளே, அணைச்சா உன்ன பெங்களூருக்குக் கொண்டு போவானுவளா?"

"இல்லம்மா. எரிஞ்சிட்டே இருந்தாத்தான் கொண்டு போவானுவ. அணைச்சா நான் இங்க நிப்பேன்."

"மாதாவாணையா?"

"மாதாவாணையாட்டு."

அந்தப் பக்கம் யாரையோ அதட்டும் சத்தம் கேட்டது. "ஏட்டி, எல்லாரும் முட்டுபோட்டு நில்லுங்க. ஜெபம் சொல்லுங்க." பெண்கள் ஒரே குரலாக மாதா ஜெபத்தைத் தொடங்கினார்கள். அந்த அம்மா ஜெனரேட்டரை நிறுத்தச் சொல்லவில்லை. மிக்சிக்காகப் பிடுங்க மாட்டேன் என்று எனக்கு வாக்குக் கொடுத்த அதே பிளக்கைத் தன் கையாலேயே பிடுங்கினார் என்று பிறகு பையன் சொன்னான்.

திரையில் இனயம் சிவப்பாயிற்று.

கருங்கல்லும் மண்டைக்காடும் முழித்துக்கொண்டு நின்றன. பழையபடி இரண்டும் ஒரே நேரத்தில் ஓட்டுக் கேட்டு விறைத்துவிட்டால் தீர்ந்தது கதை. "போடு தாயே, யாருக்காவது போடு" என்று நான் பகவதியம்மனைக் கும்பிட்டேன். போனில் மாதா ஜெபம் ஓடிக்கொண்டிருந்தது. கருங்கல் தன் ஓட்டை மண்டைக்காட்டுக்குப் போட்டது. மண்டைக்காடு தலைவன்! என் வீட்டுச் சமையலறை மூலையில் அரிசிச் சாக்குக்குப் பக்கத்தில் கிடந்த பெட்டி உலகத்தைத் தாங்க ஆரம்பித்தது. லண்டன்காரர் தன் பக்கத்திலிருந்து எழுதிப் பார்த்தார், படித்துப் பார்த்தார், பழையதை எல்லாம் தேடிப் பார்த்தார். ஒரு எழுத்துக்கூடத் தொலையவில்லை. ஊரில் கரண்டு நிஜமாகவே போயிருக்கிறது, ஜெனரேட்டர்தான் பெட்டியைத் தாங்கியது என்று நான் சொன்னதை ஒப்புக்கொண்டு, மெல்ல இரண்டு கையையும் தட்டினார். "உங்கள் டீமை யாரும் எங்கேயும் மாற்ற வேண்டாம். நான் உங்கள் முதலாளியிடம் பேசுகிறேன்" என்றார்.

பையன்கள் நாற்காலியைத் தூக்கிக் குதித்தார்கள். எனக்கு விசில் அடிக்கத் தெரியாதது அன்றைக்கு ஒரு பெரிய குறையாகப் பட்டது.

போனில் ஜெபம் நின்றிருந்தது. "மோளே" என்று அம்மாவின் குரல் வந்தது. "பெட்டி செத்துப் போச்சே மோளே."

"சாவட்டும்மா. அது சாகத்தான் வேண்டியிருந்துச்சு. ஜெயிச்சாச்சு. நான் எங்கயும் போவல்ல."

"அப்போ நான் இப்ப கரையணுமா, சிரிக்கணுமா? அத ஒண்ணு தெளிவா சொல்லு."

அவள் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, சின்னப் பிள்ளைபோல் சத்தமாக அழுதாள். அந்தப் பக்கமும் அழுகைதான் கேட்டது, ஒன்றல்ல, ஒரு வீடு நிறைய.

லண்டன்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை. திரைக்குப் பக்கத்தில் குனிந்து, முதல்முறையாகத் தணிந்த குரலில் என்னைக் கேட்டார். "அந்தப் பெண்ணுக்கு என்ன ஆயிற்று? ஏதும் கெட்ட செய்தியா?"

"இல்லை சார்" என்றேன். "இன்றைக்குச் சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போகிறாள். நாளைக்கும் போவாள். அவ்வளவுதான்."